இடக்கண்ணும் வலக்கண்ணும்: இரட்டைப் படம் உலகம் சுற்றிய கதை

ஏ15 நெடுஞ்சாலையில் ஈச்சிலம்பற்றைத் தாண்டி மூதூர்ப் பக்கம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இருந்தவர்கள் எல்லோரும் இதைக் கண்டிருப்பார்கள். வேலியோரப் பனைகள் பின்னால் ஓடுகின்றன. வயலுக்கு அப்பால் நிற்கும் மரங்கள் மெல்ல நகர்கின்றன. வானத்து நிலவு மட்டும் பஸ்ஸோடு கூடவே வருகிறது. உண்மையில் ஓடுவது நாம்தான். அந்த ஓட்டத்தை வைத்தே எது கிட்ட, எது தூர என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. பஸ் நின்ற பிறகும் கணக்கு நிற்பதில்லை. நம் கண்கள் இரண்டும் ஏறத்தாழ ஆறரை சென்ரிமீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. அதனால் ஒரே பனையை இரண்டு கண்களும் சற்றே வேறு வேறு கோணத்தில் பார்க்கின்றன. அந்தச் சிறு வேறுபாட்டிலிருந்துதான் மூளை ஆழத்தைச் செய்துகொள்கிறது.

இந்த வேறுபாட்டைக் காகிதத்தில் பிடித்து வைத்ததுதான் இரட்டைப் படம். ஒன்று இடக்கண்ணுக்கு, மற்றது வலக்கண்ணுக்கு. வட்டத் தட்டைப் போட்டு விசையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் பிளாஸ்ரிக் பெட்டி, சிவப்பு-நீலக் காகிதக் கண்ணாடி, தியேட்டரில் த்ரீடி படத்துக்குத் தரும் கறுப்புக் கண்ணாடி, கைபேசியைச் செருகி முகத்தில் மாட்டிக்கொள்ளும் பெட்டி எல்லாம் ஒரே குடும்பம். இவற்றை நாம் அறிவோம். இவற்றின் பூர்வீகமோ சாதாரணமானதல்ல. அதில் இசைக்கருவி வியாபாரி ஒருவர் இருக்கிறார், மூங்கில் தேடி இலங்கைக்கு வந்த பள்ளி ஆசிரியர் ஒருவர் இருக்கிறார், ஒரு கண் பார்வை இழந்த ஜெர்மன் விஞ்ஞானி இருக்கிறார். மகாவலி கங்கையும் மதுரைக் கோயிலும்கூட இருக்கின்றன.

இரண்டு கண்களும் வேறு வேறாகப் பார்க்கின்றன என்பது மிகப் பழைய செய்தி. கி.மு. 300 அளவில் யூக்ளிட், உருண்டை ஒன்றை இரு கண்ணால் பார்க்கும்போது அதன் எவ்வளவு பகுதி தெரியும் என்று வடிவகணிதம் போட்டார். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் மருத்துவர் கேலன், ஒரு தூணுக்கு அருகே நின்று கண்களை மாறி மாறி மூடிப் பாருங்கள் என்றார். தூண் மறைக்கும் பின்னணி ஒவ்வொரு கண்ணுக்கும் வேறாக இருக்கும். பதினோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கெய்ரோவில் இப்னு அல்-ஹைதம் ஒரு பலகையை வைத்து இரு கண் பார்வையைப் பரிசோதித்தார். நிஜப் பொருள்போல ஓவியம் ஏன் புடைத்து நிற்பதில்லை என்பதற்கு லியொனார்டோ டா வின்சி இரு கண்களையே காரணம் காட்டினார். இவ்வளவு அறிந்தும், கண்ணுக்கு ஒன்றாக இரண்டு படம் வரைந்து பார்ப்போம் என்று ஏறத்தாழ 2,000 ஆண்டுகளாக யாரும் செய்து காட்டவில்லை. இரண்டு கண் இருந்தும் ஏன் ஒன்றாகத் தெரிகிறது என்பதே அவர்களுடைய கேள்வியாக இருந்தது. வேறுபாட்டை அவர்கள் ஒரு சிக்கலாகத்தான் பார்த்தார்கள். அது ஒரு செல்வம் என்று கண்டுகொண்டவர் இசைக்கருவி செய்யும் குடும்பத்திலிருந்து வந்தார்.

சார்ள்ஸ் வீட்ஸ்டன் லண்டனில் இசைக்கருவி தொழில் செய்தவர். கொன்செற்றீனா என்ற கைத்துருத்தி வாத்தியம் அவர் உருவாக்கியது. 1838 ஜூனில் அவர் ரோயல் சொசைட்டியில் வாசித்த கட்டுரையில் ஸ்டீரியோஸ்கோப் என்ற ஒரு கருவி இருந்தது. செங்கோணத்தில் சேர்த்து வைத்த இரண்டு கண்ணாடிகள், இரு பக்கமும் இரண்டு கோட்டுப் படங்கள். மூக்கைக் கண்ணாடிகளின் விளிம்பில் வைத்துப் பார்த்தால், தட்டையான இரண்டு படங்களும் ஒன்றாகிக் கனசதுரமாக எழுந்து நின்றன. புகைப்படம் உலகுக்கு அறிவிக்கப்பட்டது அடுத்த ஆண்டு, 1839இல்தான். அதனால் முதல் இரட்டைப் படங்கள் கையால் வரையப்பட்டவை. உயர்தர வகுப்பில் பௌதிகவியல் படித்த எவரும் வீட்ஸ்டன் பாலத்தை மறந்திருக்கமாட்டார்கள். அந்த மின்சுற்றை 1833இலேயே விவரித்தவர் சாமுவேல் ஹண்டர் கிறிஸ்டி. வீட்ஸ்டன் அதைப் பரப்பியவர் மட்டுமே. தான் உருவாக்காத பாலத்துக்குப் பெயர் பெற்ற மனிதர், தானே உருவாக்கிய ஸ்டீரியோஸ்கோப்புக்கு உரிமை கேட்டுப் போராட நேர்ந்தது.

போராட்டம் ஸ்கொட்லாந்தின் டேவிட் பிரூஸ்டருடன். வண்ணக் கோலங்கள் காட்டும் கலைடாஸ்கோப்பைக் கண்டுபிடித்தவர் அவர். காப்புரிமை எடுத்தும், போலிகள் ஆயிரக்கணக்கில் விற்றுப்போனதால் அதிலிருந்து பெரிய லாபம் காணாதவர். 1849இல் அவர் கண்ணாடிகளை நீக்கிவிட்டு வில்லைகளைப் பொருத்தி, கையில் எடுத்துச் செல்லக்கூடிய சிறு பெட்டியாக ஸ்டீரியோஸ்கோப்பை மாற்றினார். பிரித்தானியக் கருவி உற்பத்தியாளர்கள் அக்கறை காட்டவில்லை. அவர் பாரிஸுக்குப் போய் ஜூல் டுபொஸ்க் என்பவரிடம் கொடுத்தார். டுபொஸ்க் அதை 1851இல் லண்டன் பெருங்கண்காட்சிக்குக் கொண்டுவந்தார். விக்டோரியா மகாராணிக்கு அது பிடித்துப்போனது. மூன்று மாதத்தில் லண்டனிலும் பாரிஸிலும் 250,000 பெட்டிகள் விற்றன என்று சொல்லப்படுகிறது. லண்டனில் விலைபோகாத சரக்கு, பாரிஸ் போய் வந்ததும் அதே லண்டனில் அலைமோதும் கூட்டத்தைச் சேர்த்தது.

பிரூஸ்டர் அத்தோடு நிற்கவில்லை. வீட்ஸ்டன் முதல்வர் அல்ல என்று நிறுவப் பழைய சான்றுகளைத் தேடினார். பிரான்சின் லில் நகர அருங்காட்சியகத்தில் இத்தாலிய ஓவியர் ஜகோப்போ கிமென்டி வரைந்த, ஒன்றையொன்று ஒத்த இரண்டு கோட்டோவியங்கள் இருந்தன. இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இரட்டைப் படம் இருந்ததற்கு இதுவே சாட்சி என்றார் பிரூஸ்டர். ஆராய்ந்தவர்கள் அதை ஏற்கவில்லை. ஒரு படத்தைப் பார்த்து இன்னொன்றை வரையும்போது கை தவறி ஏற்பட்ட வேறுபாடுகளே அவை. சில இடங்களில் ஆழம் தலைகீழாகவும் தெரிந்தது. இந்தச் சண்டையில் தோற்றாலும் பிரூஸ்டரின் இன்னொரு கவனிப்பு பின்னால் பெரும் பலன் தந்தது. ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும் சுவர்க் காகிதத்தைக் கண்ணைச் சற்று மாறுகண் போலாக்கிப் பார்த்தால், சுவர் இருக்கும் இடத்தைவிட்டு முன்னால் வந்து மிதக்கிறது. கட்டங்கள் போட்ட பாயிலும் கம்பி வலை வேலியிலும் இதை நீங்களே பார்க்கலாம்.

பெருங்கண்காட்சி முடிந்து ஏழே ஆண்டுகளில் இரட்டைப் படம் தமிழ் மண்ணுக்கு வந்தது. சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரராக இருந்த கப்டன் லின்னேயஸ் டிரைப், மாட்டு வண்டிகளில் கருவிகளை ஏற்றிக்கொண்டு 1857 இறுதியில் தெற்கே புறப்பட்டார். ஸ்ரீரங்கம், திருச்சிராப்பள்ளி, தஞ்சாவூர், புதுக்கோட்டை, மதுரை என்று போய், பெரிய படங்களோடு இரட்டைப் படங்களும் எடுத்தார். அவை 1858இல் தொகுப்புகளாக வெளியாயின. மதுரைக்கென்றே ஒரு தொகுப்பு இருந்தது. தூண்கள் வரிசையாக உள்ளே ஓடும் கோயில் மண்டபங்களைவிட இந்தக் கலைக்குப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. 1859இல் ஆளுநராக வந்த சார்ள்ஸ் ட்ரெவெலியன், இதெல்லாம் வீண் செலவு என்று அந்தப் பிரிவை மூடினார். சில ஆண்டுகளே நீடித்த அந்த முயற்சியின் பலனாகத்தான், 160 ஆண்டுகளுக்கு முன் நம் கோயில்கள் இருந்த கோலத்தை இன்று பார்க்க முடிகிறது.

அமெரிக்காவில் ஸ்டீரியோஸ்கோப்பைப் பரப்பியவர் மருத்துவரும் எழுத்தாளருமான ஒலிவர் வெண்டெல் ஹோம்ஸ். 1861இல் பெட்டியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒரு கைப்பிடி, இரண்டு வில்லை, படத்தைச் செருக ஒரு சட்டம் என்று மலிவான கருவி ஒன்றை அமைத்தார். வேண்டுமென்றே காப்புரிமை எடுக்கவில்லை. யாரும் செய்யலாம், யாரும் விற்கலாம் என்றானபின் அது வீட்டுக்கு வீடு பரவியது. கன்சாஸில் தொழில் தொடங்கிய அண்டர்வுட் சகோதரர்கள், கல்லூரி மாணவர்களை வீடு வீடாக அனுப்பிப் படங்களை விற்று உலகின் மிகப்பெரிய இரட்டைப் பட நிறுவனமாக வளர்ந்தார்கள். 1900ஐ ஒட்டிய ஆண்டுகளில் நாளொன்றுக்கு 25,000 படங்கள் அச்சிட்டார்கள் என்பது பதிவு.

அவர்களுக்காக இந்தியாவைச் சுற்றிப் படமெடுத்தவர் ஜேம்ஸ் ரிக்கல்டன் என்ற பள்ளி ஆசிரியர். அவருக்கும் இலங்கைக்கும் பழைய தொடர்பு உண்டு. மின்விளக்குக்கு நல்ல இழை தரும் மூங்கில் கிடைக்குமா என்று தேடிவர 1888இல் தோமஸ் எடிசன் அவரைக் கீழைநாடுகளுக்கு அனுப்பினார். இலங்கைக் காடுகளில் தேடிவிட்டு இந்தியா, பர்மா, சீனா, ஜப்பான் வழியாக உலகைச் சுற்றித் திரும்பினார். அதற்குள் செயற்கை இழை வந்துவிட்டதால் மூங்கில் தேவைப்படவில்லை. ஊர் சுற்றும் பழக்கம் மட்டும் அவரோடு தங்கிவிட்டது. அவர் எடுத்த 100 இந்தியக் காட்சிகள் 1907இல் ஒரு புத்தகத்தோடும் வரைபடங்களோடும் விற்பனைக்கு வந்தன. அண்டர்வுட்டின் இலங்கைக் காட்சிகளும் அப்படியே அமெரிக்க வீடுகளின் வரவேற்பறைக்குப் போய்ச் சேர்ந்தன.

விளையாட்டுப் பொருளாக இருந்தது விரைவில் அளவுகோலாகவும் மாறியது. ஜெர்மனியின் யேனா நகரில் சைஸ் நிறுவனத்தில் பணியாற்றிய கார்ல் புல்ஃபிரிக், 1901இல் இரண்டு புகைப்படங்களை ஒப்பிட்டுத் தூரத்தை அளக்கும் கருவியை உருவாக்கினார். போர்க்கப்பல்களிலோ பல மீற்றர் நீளக் குழாயின் இரு முனையிலும் சாளரம் வைத்து, கண்களுக்கு இடையிலான ஆறரை சென்ரிமீற்றரைப் பல மீற்றராக நீட்டித் தூரம் அளந்தார்கள். ஜெர்மன் கடற்படை இரண்டு காட்சிகளிலிருந்து ஆழத்தை உணரும் முறையை விரும்பியது. பிரித்தானியக் கடற்படை இரண்டு பாதிப் படங்களை ஒன்றோடொன்று பொருத்தும் முறையை விரும்பியது. திருகோணமலைத் துறைமுகத்தில் நங்கூரமிட்ட பிரித்தானியப் போர்க்கப்பல்கள் இந்த இரண்டாவது வகைக் குழாய்களைத்தான் சுமந்து வந்தன.

புல்ஃபிரிக்கின் பெயர் இன்று நிற்பது வேறொன்றால். ஒரு நூலில் சிறு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, உங்களுக்கு முன்னால் இடமும் வலமுமாக நேர்கோட்டில் ஆட்டச் சொல்லுங்கள். கறுப்புக் கண்ணாடியின் ஒரு வில்லையை வலக்கண்ணுக்கு மட்டும் பிடித்துக்கொண்டு, இரு கண்ணையும் திறந்தே பாருங்கள். கல் வலப்பக்கம் போகும்போது உங்கள் பக்கமாகக் கிட்ட வருகிறது, திரும்பும்போது தூரப் போகிறது. நேர்கோட்டில் ஆடும் கல் வட்டமடிக்கிறது! வெளிச்சம் குறைந்த கண்ணிலிருந்து செய்தி மூளைக்கு நொடியின் நூறில் ஒரு பங்கு அளவில் பிந்திப் போகிறது. அந்தப் பிந்தலை மூளை ஆழம் என்று வாசித்துவிடுகிறது. காலம் இடமாக மாறும் இந்த மாயத்தைப் புல்ஃபிரிக் 1922இல் விளக்கி எழுதினார். தன்னுடன் பணியாற்றிய ஃபெர்டினண்ட் ஃபெர்ட்ச் தந்த விளக்கம் அது என்பதையும் மறைக்காமல் சொன்னார். புல்ஃபிரிக்கால் அந்த மாயத்தை ஒருபோதும் பார்க்க முடியவில்லை. பல ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு ஒரு கண்ணில் பார்வை போயிருந்தது.

அசைவு மாயங்களில் இன்னொன்றையும் ஈச்சிலம்பற்று வாசகர் செலவின்றிச் சோதிக்கலாம். வெருகல் ஆற்றுப் பாலத்தில் நின்று ஓடும் நீரை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு, பார்வையைக் கரைக்குத் திருப்புங்கள். கரை எதிர்த்திசையில் ஊரும். 1834இல் ரொபர்ட் அடம்ஸ் ஸ்கொட்லாந்தின் ஃபொயர்ஸ் அருவியில் கண்டு எழுதியது இதுதான். நீரை ஒரு கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு, கரையை மற்றக் கண்ணால் பாருங்கள். ஓரளவு வலு குறைந்தாலும் மாயம் அங்கேயும் தொடரும். இரண்டு கண்ணின் செய்திகளும் மூளைக்குள் கலந்த பிறகும் அசைவு கணக்கிடப்படுகிறது என்பதற்கு இதைவிட எளிய சான்று இல்லை.

திரைக்கு இரட்டைப் படம் வண்ணத்தின் வழியாக வந்தது. 1853இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் ரோல்மன் இரண்டு படத்தையும் இரண்டு நிறத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, நிறக் கண்ணாடியால் பிரித்துப் பார்த்தார். புல்ஃபிரிக் ஊசற்கல்லை விளக்கிய அதே 1922இல், லொஸ் ஏஞ்சலிஸில் அந்த முறையில் முழுநீளப் படம் ஒன்று ஓடியது. 1952இல் எட்வின் லாண்டின் பொலரொய்ட் வடிகட்டிகளோடு வந்த ‘புவானா டெவில்’ த்ரீடி மோகத்தைக் கிளப்பியது. அதன் கதைக்கு அடி, கென்யாவின் சாவோவில் ரயில் பாதை போட இந்தியாவிலிருந்து கூட்டிச் செல்லப்பட்ட தொழிலாளர்களை 1898இல் கொன்று தின்ற இரண்டு சிங்கங்கள். அமெரிக்கா முழுவதும் கண்ணாடி மாட்டிக்கொண்டு அலறிய அந்தத் திகிலுக்குப் பின்னால் நம் துணைக்கண்டத்துக் கூலியாட்களின் துயரம் இருந்தது.

1956ஆம் ஆண்டு இந்த வரலாற்றில் இரண்டு இடங்களில் வருகிறது. ஒன்று இலங்கை. கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடாவின் உதவியோடு அந்த ஆண்டு தீவின் வான்படங்கள் எடுக்கப்பட்டன. விமானம் நேர்கோட்டில் பறக்க, ஒவ்வொரு படமும் முந்தைய படத்தின் பாதிக்கு மேற்பட்ட பரப்பை மறுபடி காட்டும். அடுத்தடுத்த இரண்டு படத்தை ஸ்டீரியோஸ்கோப்பின் கீழ் வைத்தால், கண்களை வெகுதூரம் அகட்டி வைத்துக்கொண்ட ஒரு பூதம் மேலிருந்து பார்ப்பதுபோல் மலையும் பள்ளமும் எழுந்து நிற்கும். இத்தகைய படங்களை வாசித்து, ரொறன்ரோவின் ஹண்டிங் நிறுவனமும் இலங்கை நில அளவைத் திணைக்களமும் செய்த மகாவலிப் படுகை வள ஆய்வு 1962இல் அறிக்கையாக வந்தது. அதே மகாவலியின் கிளைதான் ஈச்சிலம்பற்றுப் பக்கம் வெருகல் ஆறாகக் கடலில் சேர்கிறது.

மற்றது ஹங்கேரி. அந்த ஆண்டு அங்கே மக்கள் எழுச்சி நசுக்கப்பட்டபோது நாட்டைவிட்டு வெளியேறிய பேலா யூலெஸ் என்ற பொறியியலாளர் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். மரக்கிளைகளால் மறைத்து வைத்த பீரங்கியும் வான்படச் சோடியில் தனியாகத் துருத்திக்கொண்டு தெரிந்துவிடும் என்று அவருக்குத் தெரியும். 1960இல் அவர் கணினியைக் கொண்டு வெறும் புள்ளிக் குவியலாக இரண்டு படங்களை உருவாக்கி வெளியிட்டார். எந்த ஒரு படத்திலும் உருவம் கிடையாது. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு சதுரம் மிதந்து வரும். உருவத்தை அடையாளம் காணாமலே மூளையால் ஆழத்தைக் காண முடியும் என்பது அதனால் உறுதியானது.

இந்தப் புள்ளிகள் எழுப்பிய கேள்விகளில் ஒன்றைச் சென்னை எடுத்துக்கொண்டது. ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த இளைஞர் வி. எஸ். ராமச்சந்திரன், வி. எம். ராவ், டி. ஆர். வித்யாசாகர் ஆகியோரோடு சேர்ந்து, ஆழத்தை உணர்வதில் உருவத்தின் விளிம்புக் கோடுகளுக்கு என்ன பங்கு என்று ஆராய்ந்தார். கட்டுரை 1973இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. வரையப்படாத, மூளை தானே கற்பித்துக்கொள்ளும் கோடுகள் நகர்வதுபோலத் தெரிவது பற்றியும் அதே ஆண்டு மூவரும் எழுதினார்கள். பின்னாளில் அமெரிக்காவில் ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியைப் பெட்டிக்குள் வைத்து, கை கால் இழந்தவர்களின் இல்லாத உறுப்பு வலியைக் குறைக்க வழி கண்டார். வீட்ஸ்டன் இரண்டு கண்ணாடியால் மூளையை ஏமாற்றி ஆழத்தைக் காட்டினார், இவர் ஒரு கண்ணாடியால் ஏமாற்றி வலியைத் தணித்தார். போரில் உறுப்பிழந்த பலர் வாழும் நம் மண்ணுக்கு இது வெறும் விந்தைச் செய்தி அல்ல.

1984இல் கேரளத்தின் நவோதயா நிறுவனம் ‘மை டியர் குட்டிச்சாத்தான்’ என்ற இந்தியாவின் முதல் த்ரீடி படத்தைத் தந்தது. அந்தக் கண்ணாடி ‘மெட்ராஸ் ஐ’ என்ற கண்நோயைப் பரப்பும் என்ற வதந்தி கிளம்ப, ஒவ்வொரு காட்சிக்கும் கண்ணாடிகள் கிருமி நீக்கப்படுகின்றன என்று ரஜினிகாந்த், பிரேம் நசீர் போன்ற நடிகர்களே திரையில் வந்து சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே விஜயகாந்த் நடித்த ‘அன்னை பூமி’ தமிழுக்குத் த்ரீடியைக் கொண்டுவந்தது. பிரூஸ்டரின் சுவர்க் காகிதமும் யூலெஸின் புள்ளிகளும் 1979இல் கிறிஸ்டோபர் டைலரின் கையில் ஒரே படமாக இணைந்தன. 1990களில் ‘மேஜிக் ஐ’ புத்தகங்களாக ஜப்பானிலிருந்து அமெரிக்கா வரை விற்றுத் தீர்ந்தவை அவைதாம். 2014இல் கூகிள் காட்டிய அட்டைப் பெட்டியும் 1849இன் அதே வில்லைப் பெட்டிதான், படம் இருந்த இடத்தில் கைபேசி வந்திருக்கிறது. டிரைப் இரட்டைப் படமெடுத்த மதுரையில் இன்று கண்புரை அறுவை செய்யும் மருத்துவர்களும், இரண்டு கண்ணுக்கும் தனித்தனி வழி வைத்த நுண்ணோக்கியால்தான் ஆழம் பார்த்துக் கத்தி வைக்கிறார்கள்.

இவ்வளவும் சாத்தியமாவது இரண்டு கண்களும் சேர்ந்து வேலை செய்தால் மட்டுமே. நூறு பிள்ளைகளில் ஓரிருவருக்காவது ஒரு கண் பின்தங்கிப்போகிறது. மாறுகண் இருந்தாலோ, ஒரு கண்ணில் மட்டும் பார்வைக் குறை இருந்தாலோ, மூளை அந்தக் கண்ணின் செய்தியை மெல்லப் புறக்கணிக்கத் தொடங்கும். பிள்ளை நன்றாக ஓடியாடும், எழுதும், படிக்கும். மற்றக் கண் ஈடுகொடுப்பதால் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. பரிசோதனையும் ஒரு இரட்டைப் படம்தான்: ஒரு ஈயின் பெரிய படத்தைக் காட்டி, கண்ணாடி மாட்டிய பிள்ளையிடம் அதன் இறக்கையைப் பிடிக்கச் சொல்வார்கள். ஆழம் தெரிகிற பிள்ளை காகிதத்துக்கு மேலே காற்றில் பிடிக்கும், தெரியாத பிள்ளை காகிதத்தைத் தொடும். அமெரிக்க நரம்பியல் பேராசிரியர் சூசன் பரி, குழந்தைப் பருவம் முதல் மாறுகண்ணோடு வாழ்ந்து, 48 வயதில் பயிற்சியால் முதன்முதலாக ஆழத்தைக் கண்டவர். அப்படி எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. ஏழெட்டு வயதுக்குள் கண்டுபிடித்தால் கண்ணாடியும், நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடி வைக்கும் சிகிச்சையும் நல்ல பலன் தரும்.

ஆகவே ஈச்சிலம்பற்றிலும் அதைப் போன்ற ஊர்களிலும் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மாறுகண் அதிர்ஷ்டம் என்ற பேச்சை நம்பிக் காத்திருக்காதீர்கள். பிள்ளையைப் பாடசாலையில் சேர்க்கும் முன் வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் ஒருமுறை காட்டுங்கள். இரண்டு கண்ணையும் தனித்தனியாகச் சோதிக்கும்படி கேளுங்கள்.